பாடல்களின் தரவரிசை: பிரித்தானிய விற்பனைப் பட்டியலும் 2002 பிபிசி வாக்கெடுப்பும்

பாடல்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. பிரித்தானியாவில் 1952இல் தொடங்கிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் இவ்வழக்கத்தின் புகழ்பெற்ற வடிவம். அரை நூற்றாண்டுக்குப் பின், 2002இல், பிபிசி உலக சேவை தன் நேயர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் இரண்டு தமிழ்ப் பாடல்கள் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடம் பெற்றது. ஈழத்துப் பாடலான ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ ஐந்தாம் இடம் பெற்றது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்த பாடல்கள் இவற்றுக்குப் பின்னால் நின்றன.

இச்செய்தி தமிழில் பலமுறை எடுத்துக் கூறப்பட்டுள்ளது. ஆனால் பெரும்பாலும் ‘உலகின் நான்காவது சிறந்த பாடல்’ என்ற ஒரு வரியாகவே கூறப்பட்டுள்ளது. அந்த எண் எப்படி வந்தது, எதை அளந்தது என்று அறிந்தால்தான் அதன் மதிப்பு விளங்கும். பாடல் வரிசைகளின் வரலாற்றை இக்கட்டுரை அந்த நோக்கில் தொகுத்துத் தருகிறது.

விற்பனைப் பட்டியலின் தோற்றம்

1950களின் தொடக்கம் வரை பிரித்தானியாவில் ஒரு பாட்டின் செல்வாக்கை அதன் இசைக்குறிப்புத் தாள்கள் எத்தனை விற்றன என்பதை வைத்தே கணித்தனர். வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் தாளை வாங்கி வாசித்துப் பாடிய காலம் அது. இசைத்தட்டுகள் பெருகியபின் இக்கணக்கு பொருந்தாமல் போனது.

‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ என்ற இசை வார இதழ் 1952 நவம்பர் 14 அன்று முதல் இசைத்தட்டுப் பட்டியலை வெளியிட்டது. அவ்விதழின் பெர்சி டிக்கின்ஸ் ஏறத்தாழ 20 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, அந்த வாரம் எவை அதிகம் விற்றன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்படிச் சேர்த்த விவரங்களிலிருந்து பன்னிரண்டு இடங்கள் கொண்ட பட்டியல் உருவானது. முதலிடம் பெற்ற முதல் பாடல் அமெரிக்கப் பாடகர் ஆல் மார்ட்டினோவின் ‘ஹியர் இன் மை ஹார்ட்’. அது ஒன்பது வாரங்கள் அவ்விடத்தில் நீடித்தது. இன்று உலகம் முழுவதும் பேசப்படும் பிரித்தானியப் பட்டியலின் தொடக்கம் இவ்வளவு எளிமையானது.

எது உண்மையான முதலிடம்?

1960களில் இத்தகைய பட்டியல்களைப் பல இதழ்கள் வெளியிட்டன. ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’, ‘மெலடி மேக்கர்’, ‘டிஸ்க்’, ‘ரெக்கார்ட் ரீட்டெய்லர்’ ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு கடைகளைக் கேட்டது. ஆகவே முடிவுகளும் வேறுபட்டன. பிபிசி இவற்றின் சராசரியை எடுத்துத் தன் பட்டியலை அமைத்துக்கொண்டது.

பீட்டில்ஸ் குழுவின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1963இல் வெளிவந்த அப்பாடல் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’, ‘மெலடி மேக்கர்’ பட்டியல்களில் முதலிடம் பெற்றது. ‘ரெக்கார்ட் ரீட்டெய்லர்’ பட்டியலில் இரண்டாம் இடத்தையே எட்டியது. 1977இல் முதற்பதிப்பு கண்ட கின்னஸ் பிரித்தானிய வெற்றிப் பாடல்கள் தொகுப்பு நூல், 1960 மார்ச்சுக்குப் பிந்தைய காலத்துக்கு ‘ரெக்கார்ட் ரீட்டெய்லர்’ பட்டியலையே ஏற்றுக்கொண்டது. அதன் விளைவாக, 1963இல் பலரும் முதலிடம் என்று அறிந்திருந்த ஒரு பாடல், பிற்கால வரலாற்றில் இரண்டாமிடப் பாடலாகிவிட்டது. 2000இல் பீட்டில்ஸின் முதலிடப் பாடல்கள் 27ஐத் தொகுத்து வெளியான ‘1’ என்ற இசைத்தொகுப்பிலும் அதற்கு இடமில்லை. பாட்டு மாறவில்லை, எந்தக் கணக்கை ஏற்பது என்ற முடிவுதான் அதன் இடத்தை மாற்றியது.

1969 பிப்ரவரியில் பிரித்தானியச் சந்தை ஆய்வு நிறுவனத்திடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 300 கடைகள் விற்பனைக் குறிப்பேடுகளை அஞ்சலில் அனுப்பின. 1983இல் கேலப் நிறுவனம் பொறுப்பேற்றபின் கணினி வழிக் கணக்கு வந்தது. கணக்கெடுக்கும் கடைகள் எவை என்று தெரிந்துகொண்டு, அங்கு ஆள்விட்டுத் தங்கள் இசைத்தட்டுகளைத் தாங்களே வாங்க வைத்த நிறுவனங்களும் உண்டு. இணையத்திலிருந்து தரவிறக்கும் பாடல்கள் 2005 முதலும், இணைய ஓடையில் கேட்கப்படும் பாடல்கள் 2014 ஜூலை முதலும் கணக்கில் சேர்ந்தன. பின்னதில் 100 முறை கேட்டால் ஒரு விற்பனை என்பது தொடக்ககால விதி. ஆக, 1952இன் முதலிடமும் 2014இன் முதலிடமும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல.

பட்டியலில் இந்தியத் தொடர்பு

இப்பட்டியலின் உச்சியில் இந்தியாவோடு தொடர்புடைய சிலரும் இருந்துள்ளனர். எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்ற மேடைப் பெயரால் அறியப்படும் பாடகர் 1936இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய ‘ரிலீஸ் மீ’ 1967இல் ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதே காலத்தில் வெளிவந்த பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’ இப்பாடலைத் தாண்ட முடியாமல் இரண்டாம் இடத்தில் நின்றது. பிரித்தானியாவில் 14 முறை முதலிடம் பெற்ற கிளிஃப் ரிச்சர்ட் 1940இல் லக்னோவில் பிறந்தவர்.

1998 பிப்ரவரியில் கார்னர்ஷாப் குழுவின் ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’ முதலிடம் பிடித்தது. பாட்டின் தலைப்பிலுள்ள ஆஷா, இந்தித் திரைப்படப் பின்னணிப் பாடகி ஆஷா போஸ்லே. இந்தியத் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த குடியேறிகளின் பிள்ளைகள் பிரித்தானியப் பட்டியலின் உச்சிக்கு அவர் பெயரைக் கொண்டுசென்றனர்.

கொழும்பிலிருந்து ஒலித்த வரிசை

லண்டனில் முதல் பட்டியல் வெளியாகி மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1952 டிசம்பர் 3 அன்று இலங்கை வானொலியில் ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்தி நிகழ்ச்சி தொடங்கியது. பினாக்கா என்ற பற்பசையின் விளம்பர ஆதரவில் புதன்கிழமைதோறும் இரவில் ஒலித்த இதைத் தொகுத்து வழங்கியவர் அமீன் சயானி.

இந்தியப் பாடல்களின் வரிசை கொழும்பிலிருந்து ஒலிபரப்பானதற்குக் காரணம் உண்டு. 1952இல் மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பா. வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரம் குறைந்தவையாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான நேரம் சுருங்கியது. திரைப்பாடல் கேட்க விரும்பியவர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்படும் வரை இந்த இடைவெளியை நிரப்பியது இலங்கை வானொலியே.

தொடக்கத்தில் இந்நிகழ்ச்சியில் ஏழு பாடல்கள் கலைத்துப்போட்டு ஒலிக்கப்பட்டன. நேயர்கள் அவற்றைத் தாமே வரிசைப்படுத்தி அஞ்சலில் அனுப்ப வேண்டும். பின்னர் பாடல்களைப் படிப்படியாக ஏறுவரிசையில் ஒலிபரப்பும் முறை வந்தது. அந்த வரிசைக்குக் கடைகளின் இசைத்தட்டு விற்பனையோடு ஊர்தோறும் இருந்த வானொலி நேயர் மன்றங்களின் விருப்பமும் கணக்கில் கொள்ளப்பட்டது. பணம் கொடுத்து இசைத்தட்டு வாங்க இயலாதவரும் ஓர் அஞ்சலட்டையால் பாடலின் இடத்தை மாற்ற முடிந்தது என்பதே பிரித்தானிய முறையிலிருந்து இதற்கிருந்த பெரிய வேறுபாடு.

அதே வானொலியின் தமிழ்ச் சேவை தமிழகத்தின் தென்மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு கேட்கப்பட்டது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் குரல்களாலேயே அடையாளம் காணப்பட்டனர். ‘பொங்கும் பூம்புனல்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ போன்ற நிகழ்ச்சிகள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்படும் பெயர்களும் ஊர்களும் நீண்டுகொண்டே போனால், அந்தப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது கேட்பவர்களுக்கு விளங்கிவிடும். எண் சொல்லாத வரிசை அது.

மதுரை வட்டாரத்தில் பட்டியலில்லா முதலிடம்

தமிழகத்தில் பிரித்தானியப் பட்டியலைப் போன்ற ஒன்று வேரூன்றாததற்கு வணிகக் காரணமும் உண்டு. பிரித்தானியாவில் ஒரு பாட்டு தனி இசைத்தட்டாக விற்றது. ஒலிநாடாக் காலத்துத் தமிழகத்தில் ஒரு படத்தின் பாடல்கள் எல்லாம் சேர்ந்தே விற்றன. வாங்கியவர் எந்தப் பாட்டுக்காக வாங்கினார் என்பதைக் கடைக் கணக்கு காட்டாது.

ஆகவே ஒரு பாட்டின் இடத்தை வேறு வழிகளில்தான் மக்கள் அறிந்தனர். மதுரையின் மேற்கே, வைகைக் கரையை ஒட்டி மேலக்கால் சாலையில் அமைந்துள்ள கோச்சடையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்ளலாம். கோச்சடை அய்யனார், முத்தையா கோயிலால் அறியப்பட்ட ஊர். இவ்வட்டாரத்தில் கோயில் திருவிழா, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, திருமணம் என எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது வழக்கம். முதலில் பக்திப் பாடல்கள், பிறகு திரைப்பாடல்கள். எந்தப் பாட்டை மறுபடியும் போடச் சொல்லி மைக்செட்காரரிடம் ஆள் வருகிறதோ, அதுவே அந்த வாரத்து முதலிடம். தேநீர்க் கடைகளும் தனியார் பேருந்துகளும் இதே வேலையைச் செய்தன.

1980களில் பெருகிய ஒலிப்பதிவுக் கடைகள் இன்னொரு வரிசையை உருவாக்கின. தமக்குப் பிடித்த பாடல்களை ஒரு தாளில் எழுதி, வெற்று ஒலிநாடாவோடு கடைக்காரரிடம் கொடுத்தால் சில நாட்களில் பதிவு செய்து தருவார். 60 நிமிட நாடாவில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஏறத்தாழ பன்னிரண்டு, பதின்மூன்று பாடல்களுக்கே இடம் இருக்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, ‘ஏ’ பக்கத்தில் முதல் பாட்டு எது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்க வேண்டும். இளைஞர் பலர் அந்தத் தாளைப் பலமுறை அடித்துத் திருத்தி எழுதினர். தனிமனிதர் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் செயலின் தமிழ்நாட்டு வடிவம் அதுவே.

2002 வாக்கெடுப்பு

பிபிசி உலக சேவையின் முன்னோடியான பேரரசுச் சேவை 1932 டிசம்பரில் தொடங்கியது. அதன் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி, உலகின் விருப்பமான பாடல் எது என்று 2002இல் நேயர்களிடம் கேட்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பாடல்கள் பரிந்துரைக்கப்பட்டன. 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. முதல் பத்து இடங்கள் வருமாறு:

1. எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன் – வூல்ஃப் டோன்ஸ் (அயர்லாந்து)
2. வந்தே மாதரம் (இந்தியா)
3. தில் தில் பாகிஸ்தான் – வைட்டல் சைன்ஸ் (பாகிஸ்தான்)
4. ராக்கம்மா கையத் தட்டு – இளையராஜா (இந்தியா)
5. பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது – திருமலை சந்திரன் (இலங்கை)
6. அன வ லைலா – காசிம் அல் சாஹிர் (ஈராக்)
7. ரிது ஹருமா திமி – அருண் தாபா (நேபாளம்)
8. பிலீவ் – ஷேர் (அமெரிக்கா)
9. சைய்ய சைய்யா – ஏ. ஆர். ரகுமான் (இந்தியா)
10. பொஹீமியன் ராப்சடி – குயின் (பிரித்தானியா)

பத்தில் ஆறு பாடல்கள் தெற்காசியாவைச் சேர்ந்தவை. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றவை இரண்டே. ‘பிலீவ்’ 1998இல் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்து, அவ்வாண்டு பிரித்தானியாவில் அதிகம் விற்ற தனிப்பாடலாகவும் ஆனது. ‘பொஹீமியன் ராப்சடி’ 1975 நவம்பர் முதல் ஒன்பது வாரங்களும், 1991 டிசம்பர் முதல் ஐந்து வாரங்களும் முதலிடத்தில் இருந்தது. பிரித்தானியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. பீட்டில்ஸின் ஒரு பாடலும் இப்பத்தில் இல்லை.

இரண்டு தமிழ்ப் பாடல்கள்

‘தளபதி’ 1991 நவம்பர் 5, தீபாவளி அன்று வெளியானது. இசையமைத்த இளையராஜா அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அவ்வூர் இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. இயக்குநர் மணிரத்னம் மதுரையில் பிறந்தவர். ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாடலை வாலி எழுத, எஸ். பி. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும் பாடினர். ஆட்டமும் தாளமுமாகச் செல்லும் பாட்டின் நடுவே, தில்லைக் கூத்தனைப் போற்றும் அப்பரின் தேவாரப் பாடல் ஒன்று எடுத்தாளப்பட்டுள்ளது. 7ஆம் நூற்றாண்டுத் திருப்பாட்டும் திரைப்பாட்டும் ஒரே மூச்சில் இணைந்த பாடல் அது. ஒன்பதாம் இடம் பெற்ற ‘சைய்ய சைய்யா’ 1998இல் வெளியான ‘தில் சே’ படத்தின் பாடல். அப்படத்தையும் இயக்கியவர் மணிரத்னமே. அது தமிழில் ‘உயிரே’ என்ற பெயரில் வந்தபோது அப்பாடல் ‘தையா தையா’ ஆனது.

‘தளபதி’ வெளியான அதே நவம்பர் மாதம் 24 அன்று குயின் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி மறைந்தார். அதையடுத்தே ‘பொஹீமியன் ராப்சடி’ மீண்டும் வெளியிடப்பட்டு முதலிடம் ஏறியது. ஆக, 1991இன் இறுதியில் லண்டன் கடைகளில் ஒரு பாட்டும், மதுரைத் தெருக்களின் ஒலிபெருக்கிகளில் வேறொரு பாட்டும் கோலோச்சின. பதினோரு ஆண்டுகளுக்குப் பின் இரண்டும் ஒரே பட்டியலில் சந்தித்துக்கொண்டன.

ஐந்தாம் இடம் பெற்ற பாடலின் கதை வேறு. அது திரைப்பாடல் அன்று. போரினால் ஊரையும் வீட்டையும் விட்டுச் சிறுவர், குழந்தைகள் உட்பட மக்கள் நடந்தே போன துயரத்தைச் சொல்லும் ஈழத்துப் பாடல். பெரிய இசை நிறுவனமோ, நட்சத்திர நடிகரோ அதற்குப் பின்னால் இல்லை. விற்பனைப் பட்டியல் ஒன்றால் மட்டும் உலகம் அளக்கப்பட்டிருந்தால் இப்பாடலின் பெயர் எங்கும் பதிவாகியிருக்காது.

விற்பனை, வாக்கு, தனி விருப்பம்

மேற்கண்ட வரலாற்றில் மூன்று வகையான வரிசைகள் உள்ளன.

முதலாவது, விற்பனை வரிசை. ஒரு நாட்டில், ஒரு வாரத்தில், பணம் கொடுத்து எத்தனைபேர் வாங்கினர் என்பதை மட்டும் அது சொல்லும். வாங்கியவர் அதை எத்தனை ஆண்டுகள் கேட்டார் என்பதைச் சொல்லாது. இளவரசி டயானாவின் மறைவையொட்டி எல்டன் ஜான் பாடிய 1997ஆம் ஆண்டின் ‘கேண்டில் இன் தி விண்ட்’ பிரித்தானியாவில் மிக அதிகம் விற்ற தனிப்பாடல். மக்கள் வாங்கியது பாட்டை மட்டுமன்று. ஒரு துக்க நிகழ்வின் நினைவையும்தான்.

இரண்டாவது, வாக்கு வரிசை. பொருள் வசதியில்லாதவரும் இதில் கலந்துகொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் வாக்களிக்கத் தாமாக முன்வந்தவர்களை மட்டுமே இது எண்ணுகிறது. 2002 பட்டியலின் முதல் மூன்று பாடல்களும் நாட்டுப் பற்றைப் பாடுபவை என்பது தற்செயல் அன்று. தன் நாட்டின், தன் மொழியின் பெயர் உலக அரங்கில் ஒலிக்க வேண்டும் என்ற ஆர்வம் வாக்களிக்கத் தூண்டும் வலிமையான காரணம். தமிழ்ப் பாடல்களுக்கும் இது பொருந்தும். எனவே ‘ராக்கம்மா’ உலகின் நான்காவது சிறந்த பாடல் என்று நிறுவப்பட்டதாகக் கூறுவது பிழை. 2002இல் பிபிசி உலக சேவையின் வாக்கெடுப்பில் கலந்துகொண்டோரிடையே அது நான்காம் இடம் பெற்றது என்பதே சரியான கூற்று.

அவ்வாறு சரியாகக் கூறுவதால் பாடலின் பெருமை குறைந்துவிடாது. 150க்கும் மேற்பட்ட நாடுகளின் நேயர்கள் பங்கேற்ற ஒரு பொதுத் தேர்வில், தங்கள் மொழிப் பாட்டுக்காகத் தமிழர்கள் அத்தனை பெரிய எண்ணிக்கையில் முன்வந்தனர் என்பது வரலாற்றுச் செய்தி. சிதறி வாழ்ந்த ஒரு சமூகம் பாட்டை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அது சான்று. ‘சிறந்தது’ என்ற சொல் தரும் பெருமையைவிட இது நம்பகமானது.

மூன்றாவது, தனிமனித வரிசை. பிபிசி வானொலியில் 1942 ஜனவரியில் ராய் ப்ளம்லி தொடங்கிய ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ என்ற நிகழ்ச்சி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆளில்லாத் தீவில் தனித்து விடப்பட்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளை உடன் கொண்டுசெல்வீர்கள் என்று விருந்தினரிடம் கேட்கப்படும். பிரித்தானிய முதலிடப் பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தம் விருப்பப்படி மீண்டும் வரிசைப்படுத்தும் இசை ஆர்வலர்களும் உள்ளனர். விற்பனை கொடுத்த இடத்தை இவர்கள் ஏற்பதில்லை. ஒரு வாரம் மட்டும் முதலிடத்தில் இருந்த பாடல் இவர்கள் பட்டியலில் தலைமை பெறலாம். ஒன்பது வாரம் ஆண்ட பாடல் கடைசிக்குப் போகலாம். இதில் பிழை என்று எவரும் சொல்ல முடியாது. ஏனெனில் இவ்வரிசை உலகைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. வரிசைப்படுத்தியவரைப் பற்றியே கூறுகிறது. ஒலிப்பதிவுக் கடையில் கொடுக்கப்பட்ட தாளுக்கும் இந்நிகழ்ச்சியில் சொல்லப்படும் எட்டுப் பாடல்களுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

மதிப்பிடும் முறை

எந்தத் தரவரிசையைப் படித்தாலும் மாணவர்கள் நான்கு கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். எண்ணியவர் யார்? எதை எண்ணினார்? எந்தக் காலத்துக்குள் எண்ணினார்? எவரெவர் எண்ணப்படாமல் விடுபட்டனர்? 20 கடைகளைக் கேட்ட 1952ஆம் ஆண்டுப் பட்டியலுக்கும், பல்லாயிரம் வாக்குகள் குவிந்த 2002ஆம் ஆண்டுப் பட்டியலுக்கும், இன்று கைப்பேசியில் வரும் பட்டியல்களுக்கும் இக்கேள்விகள் சமமாகப் பொருந்தும்.

பழைய ஒலிநாடாப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கப்பட்ட பாடல் பட்டியல்கள் மதுரை வட்டார வீடுகளில் இன்னும் கிடைக்கக்கூடும். அத்தாளில் எழுதியவர் பெயர், ஆண்டு, பாடல்களின் வரிசை ஆகியவற்றைக் குறித்து வைப்பது பயனுள்ள வட்டார வரலாற்றுப் பணி. விற்பனைக் கணக்கு இல்லாத ஓர் ஊரில், எந்தப் பாட்டு எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் தாள்களே எழுத்துச் சான்று.